மூன்று மணிக் கணக்கு: சீருடைத் தாயும் பிள்ளைக்கான பாலும்

2022 அக்டோபர் கடைசியில் கோழிக்கோடு சேவாயூர் காவல் நிலையத்துக்கு ஒரு தாய் ஓடிவந்தார். பிறந்து 12 நாளே ஆன பிள்ளையைக் கணவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்பது புகார். வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் பிள்ளையை மீட்டபோது அது பாலில்லாமல் துவண்டு கிடந்தது. மீட்கப் போன குழுவிலிருந்த பெண் காவலர், தானும் பால் கொடுக்கும் தாய்தான் என்று மருத்துவரிடம் சொல்லி, அந்தப் பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்து அமர்த்தினார். கேரள உயர்நீதிமன்ற நீதிபதி தேவன் ராமச்சந்திரன் அவரைப் பாராட்டி எழுதினார். காவல்துறைத் தலைவர் அழைத்துக் கௌரவித்தார். 2018-இல் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் குப்பையோடு கிடந்த சிசுவுக்கும், 2023-இல் கொச்சியில் தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க அழுத பீகார்க் குழந்தைக்கும் பெண் காவலர்கள் பால் கொடுத்த செய்திகளும் இப்படித்தான் கொண்டாடப்பட்டன.

அதே காலத்தில் வேறு விதமான படங்களும் வந்தன. 2018-இல் ஜான்சி கொத்வாலி காவல் நிலையத்தில், வரவேற்பு மேசைமேல் தன் ஆறு மாதப் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார் ஒரு பெண் காவலர். படம் பரவிய பிறகுதான் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. காவல்துறைக் காக்கியும் ராணுவ ஆலிவ் பச்சையும் உடுத்திய தாய்மாருக்கு அந்தப் பழமொழியின் முதல் பாதிக்கு வெகுமதி இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு விதி இல்லை.

விதி ஏன் இல்லை, விடுப்புத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். விடுப்பு மாதங்களில் கணக்கிடப்படுகிறது. பால் மணிகளில் கணக்கிடப்படுகிறது. படையிலும் காவலிலும் பெண்களுக்காகக் கடந்த முப்பதாண்டுகளில் செய்யப்பட்ட சீர்திருத்தங்கள் பெரும்பாலும் முதல் கணக்கைச் சார்ந்தவை. இரண்டாவது கணக்கை இங்கே யாரும் கையில் எடுக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க, தை ஜல்லிக்கட்டுக்குக் காவலர்கள் குவியும் மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

உடம்பு வைத்திருக்கும் கணக்கு

பிள்ளை சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் சுரக்கிறது. அது பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அந்தப் பாலை வெளியே தள்ளுகிறது. பயம், பதற்றம், வலி இருந்தால் ஆக்சிடோசின் தயங்கும். மார்பில் பால் இருந்தும் இறங்காது. எடுக்காமல் விட்ட பால் உள்ளே தேங்கினால் சுரப்பே குறையத் தொடங்கும். ஆகவே ‘இன்று கொடுக்க முடியவில்லை, நாளை சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. சின்னப் பிள்ளைக்கு இரண்டு, மூன்று மணிக்கொரு முறை, நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் வேண்டும். அந்த ஓட்டம் தடைபட்டால் முதலில் பால் கட்டும். மார்பு கல்லாகும், அக்குளில் நெறி கட்டும், காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் சீழ்பிடித்து, கீறி எடுக்கும் நிலைக்குப் போகும்.

அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கே இது தொல்லை. இறுக்கமான சீருடையும் குண்டு துளைக்காத அங்கியும் மார்பை அழுத்தும்போது பால் நாளங்கள் அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். காக்கிச் சட்டையில் பால் கசிந்த ஈரம் எடுப்பாகத் தெரியும். கலவரத் தடுப்புக் கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் ஒதுங்கிப் போய்ப் பீய்ச்சிவிட்டு வர இடமும் கிடையாது. பீய்ச்சிய பாலைச் சேர்த்து வைக்கலாம் என்றால், சாதாரண அறைச்சூட்டில் அது நான்கு மணி நேரம்தான் தாங்கும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. சித்திரை வெயிலில் மதுரைத் தெருவில் அந்த நான்கு மணியையும் நம்ப முடியாது. கடைசியில் பெண்கள் செய்வது என்ன? கழிப்பறையில் நின்று பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது. குறைமாதப் பிள்ளைகளுக்காகத் தாய்ப்பால் வங்கி நடத்தும் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே இது நடக்கிறது.

பாலை நிறுத்துவதற்கு நம் பாட்டிமாருக்கு ஒரு வழி தெரியும். மல்லிகைப் பூவைச் சரமாக மார்பில் வைத்துக் கட்டுவது. பிள்ளை தவறிப்போன தாய்க்கும் பால் மறக்கடிக்க வேண்டிய தாய்க்கும் இதைச் செய்வார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை முறையாகச் சோதித்து 1988-இல் ஆய்விதழில் எழுதினார்கள். பால் நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. ஆனால் மார்பு கட்டுவதையும் பால் ஊறுவதையும் அடக்குவதில் இரண்டும் சமமாகவே வேலை செய்தன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் வட்டாரத்தில் பாலை நிறுத்தப் பஞ்சமில்லாமல் பூ கிடைக்கும். பாலைத் தொடர்வதற்குத்தான் வழி வேண்டும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு இரண்டு வயதுவரை தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை பிள்ளைக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேலும், இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குவரையும் தாய்ப்பால் தர முடியும் என்று அந்நிறுவனம் சொல்கிறது. தமிழ்நாட்டின் நிலை பெருமைப்படும்படி இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 64 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 55. பிரசவம் அநேகமாக முழுவதும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் இந்தக் குறை. மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகு தாய்க்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

படை கொடுத்த மாதங்கள்

இந்தியப் படைக்குள் பெண்கள் முதலில் செவிலியராக வந்தார்கள். 1888-இல் பத்துச் செவிலியர் பம்பாயில் வந்திறங்கியதிலிருந்து ராணுவச் செவிலியர் பணியின் வரலாறு தொடங்குகிறது. சரியாக நூறாண்டு கழித்து, 1988-இல், லெப்டினன்ட் செலினா ஜான் என்ற செவிலிய அதிகாரி பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் செய்த குற்றம் கல்யாணம். மணம் செய்துகொண்டால் வெளியேற்றலாம் என்ற 1977-ஆம் ஆண்டு விதி, 1995-இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி அப்பட்டமான பாகுபாடு என்று கூறி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

இந்தியா மட்டும் இப்படி இருக்கவில்லை. கருவுற்ற பெண்ணையும் சின்னப் பிள்ளை உள்ள பெண்ணையும் படையிலிருந்து விலக்க அமெரிக்க அதிபர் ட்ரூமனின் 1951 ஆணை இடம் கொடுத்தது. அந்த வழக்கம் 1970-களில்தான் ஒழிந்தது. பிரிட்டனில் கருவுற்றதற்காக 1990 வரை வெளியேற்றப்பட்ட பெண் படையினர் ஆயிரக்கணக்கானோர் பின்னால் இழப்பீடு பெற்றார்கள். படைக்காரியும் தாயும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது ஒரு காலத்தில் எழுதப்பட்ட சட்டம்.

1992-இல் மற்றப் பிரிவுகளிலும் பெண் அதிகாரிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் பயிற்சி பெற்றது சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணி உரிமையை உறுதி செய்தது. தாய்மையும் குடும்பப் பொறுப்பும் பெண்களுக்குத் தடை என்று ஒன்றிய அரசு வைத்த வாதத்தை, பழைய அச்சில் வார்த்த எண்ணம் என்று நீதிபதிகள் தள்ளினார்கள். 2021 மே மாதம் பெங்களூருவில் 83 பெண்கள் ராணுவக் காவல் பிரிவின் சிப்பாய்களாகப் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அதிகாரியல்லாத நிலையில் ராணுவம் சேர்த்த முதல் பெண்கள் அவர்கள். 2023 நவம்பரில், அதிகாரிகளுக்கு உள்ள மகப்பேறு விடுப்பும் பிள்ளை வளர்ப்பு விடுப்பும் முப்படைகளிலும் அதிகாரியல்லாத பெண்களுக்கும் சமமாகக் கிடைக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் தந்தார்: சம்பளத்தோடு 180 நாள் மகப்பேறு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 360 நாள் பிள்ளை வளர்ப்பு விடுப்பு.

நல்ல ஆணைதான். ஆனால் 180 நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் விடுப்பில் போனவர் திரும்பும்போது பிள்ளைக்கு ஐந்து மாதம். ‘பால் மட்டும்’ என்ற காலமே முடியவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை வளர்ப்பு விடுப்பைக் கேட்டுப் பெறலாம். அது மேலதிகாரி அனுமதித்தால் கிடைப்பது. தவிர, ஒவ்வொரு விடுப்பும் வேலையிலிருந்து விலகி நிற்பதுதான். நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் கேட்டு நீதிமன்றம்வரை போன பெண்களுக்கு, பால் கொடுக்க ஒரே வழி பணியிலிருந்து ஒதுங்குவது என்றால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டதாகத்தானே ஆகும்?

அமெரிக்கத் தரைப்படை 2015-இல் வெளியிட்ட ஆணை வேறு திசையில் யோசித்தது. பால் பீய்ச்ச நேரமும் இடமும் ஏற்பாடு செய்வது கட்டளை அதிகாரியின் பொறுப்பு. அந்த இடம் தனி அறையாக, மின் இணைப்போடு, பக்கத்தில் தண்ணீரோடு இருக்க வேண்டும், கழிப்பறை கூடாது. பிரசவித்த பெண்ணை ஓராண்டுவரை வெளிப்பணிக்கு அனுப்பக் கூடாது என்பது 2022-இல் சேர்ந்தது. அங்கேயும் 2012-இல், சீருடையில் பால் கொடுத்த இரண்டு விமானக் காவல்படைப் பெண்களின் படத்துக்கு எழுந்த கூச்சல் கொஞ்சமில்லை. கூச்சல் போட்டவர்கள் போட்டுக்கொண்டிருக்க, அறை ஆணையாக வந்துவிட்டது.

காக்கி கொடுத்த மாதங்கள்

அலங்காநல்லூர் பக்கத்துப் பெண்ணுக்குச் சீருடை என்றால் பெரும்பாலும் காக்கிதான். தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973-இல். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று சமயநல்லூர் போன்ற ஊர்களிலும் அவை இருக்கின்றன. பொன்விழா கொண்டாடிய 2023-இல் பெண் காவலர் எண்ணிக்கை 35,000-ஐத் தாண்டியிருந்தது.

மாதக் கணக்கில் பார்த்தால் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. அரசுப் பணிப் பெண்களுக்கு 90 நாளாக இருந்த மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமானது. 2016-இல் ஒன்பது மாதமானது. 2021 ஜூலை 1 முதல் ஓராண்டானது. 2021 ஜூனில், முதலமைச்சர் போகும் வழியோரப் பாதுகாப்பில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் திரிபாதி உத்தரவிட்டார். 2023 மார்ச் 17 பொன்விழாவில் ஒன்பது அறிவிப்புகள் வந்தன: காலை ரோல்கால் 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாறியது, சென்னையிலும் மதுரையிலும் பெண் காவலர் விடுதி, நிலையங்களில் கழிப்பறையோடு தனி ஓய்வறை, குழந்தைகள் காப்பகம். 2024 ஆகஸ்டில், மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலருக்கு மூன்றாண்டுகள் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்திலேயே பணி என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பச்சை உடம்போடு எங்கோ ஒரு மாவட்டத்தில் தனியாகக் கிடந்து தவித்தவர்களுக்கு இந்தக் கடைசி அறிவிப்பின் அருமை தெரியும். அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இருந்தால்தான் நம் ஊரில் பிள்ளை வளரும்.

ஓராண்டு விடுப்பு முதல் ஆறு மாதத்தை முழுவதும் காப்பாற்றிவிடுகிறது. மிஞ்சியிருப்பது இரண்டாம் ஆண்டு. ஒரு வயதுப் பிள்ளை மூன்று மணிக்கொருமுறை பால் குடிப்பதில்லை. பகலில் சோறும் பருப்பும் போதும். அது தாயைத் தேடுவது விடியற்காலையிலும் இரவிலும்தான். அந்த இரண்டு நேரத்தையும்தான் பந்தோபஸ்து எடுத்துக்கொள்கிறது.

தை மூன்று நாள்

மதுரைச் சீருடைக்காரர்களுக்குத் தனி நாட்காட்டி உண்டு. சித்திரையில் கள்ளழகர் வருகை, செப்டம்பரில் பரமக்குடி நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை, தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு மஞ்சமலை ஆற்றுத் திடல், மூன்றாம் நாள் காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். மற்ற மாவட்டங்களிலிருந்தும் காவலர்கள் வரவழைக்கப்படுவார்கள். ஊரெல்லாம் பொங்கல் கும்பிடும் மூன்று நாளும் இவர்களுக்கு ‘வீக் ஆஃப்’ என்ற பேச்சே கிடையாது.

காளை அவிழ்ப்பது காலை ஏழு, எட்டு மணிக்கு என்றால் காவலர் ரோல்கால் விடியலுக்கு வெகுமுன். மதுரை ஆயுதப்படைக் குடியிருப்பிலிருந்து புறப்படும் தாய், பிள்ளை எழுவதற்குள் வேனில் ஏறியாக வேண்டும். விடியற்காலைப் பால் அப்போதே போய்விட்டது. முனியாண்டி கோயில் தெருவில் இரட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெருக்கும். கேலரியில் பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொள்வது, சோதனையிடுவது, மயங்கி விழுந்தவரை ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோவது என்று வேலை ஓடும். நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. பத்து மணிவாக்கில் மார்பு கனக்கத் தொடங்கும். ‘சார், பால் கட்டிக்கிச்சு, அரை மணி நேரம் விடுங்க’ என்று கூட்டத்துக்கு நடுவே ஆண் அதிகாரியிடம் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்? ‘தலைவலிக்குது சார்’ என்று சொல்வது சுலபம். அதற்கு மாத்திரைதான் கிடைக்கும். மாலையில் கடைசிக் காளை போய், கூட்டம் கலைந்து, போக்குவரத்து சீராகி, வேன் வந்து வீடு சேர்வதற்குள் இரவுப் பாலும் தப்பிவிடும். அடுத்தடுத்து மூன்று நாள் இப்படிப் போனால் சுரப்பு வற்றத் தொடங்குவதில் வியப்பில்லை. வீட்டில், ‘பால் மறந்துருச்சு, நல்லதாப் போச்சு’ என்பார்கள்.

அதே தெருவில் காளைக்கு விதி இருக்கிறது. 2017 ஜல்லிக்கட்டு விதிகளில் காளைக்கு ஓய்வு, தண்ணீர், தீவனம், நிழல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் எழுத்தில் உண்டு. மாவட்ட ஆட்சியரும் கால்நடைத் துறையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எழுதி வைத்ததால்தான் அது நடக்கிறது. காளைக்காரர் யாரிடமும் போய்க் கூச்சத்தோடு கேட்க வேண்டியதில்லை.

எழுத்தில் வர வேண்டியது

சட்டத்துக்கு இது புதிய யோசனையும் இல்லை. 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளை 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வோடு கூடுதலாக, தினம் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. கப்பலூர் ஆலையில் வேலை செய்யும் பெண் இதைச் சுட்டிக் கேட்கலாம். காவலருக்கும் படையினருக்கும் தத்தம் பணி விதிகளே வேதம். அவர்களுக்குப் பந்தோபஸ்து நாளில் அந்த இடைவேளை, நிற்கும் இடத்து அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015 ஆகஸ்டிலேயே திறந்த மாநிலம் இது. பொது இடங்களில் அத்தகைய அறைகள் வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களை வலியுறுத்தியது. பயணிக்குக் கிடைத்த அறை, அந்தப் பயணிக்குக் காவல் நிற்பவருக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆள் பற்றாக்குறை என்பார்கள், உண்மைதான். ஆண் காவலர் தலையில்தானே அந்தச் சுமை விழும் என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வழியோரப் பாதுகாப்பிலிருந்து பெண்களை மொத்தமாக விலக்கிய 2021 ஆணையோடு ஒப்பிட்டால், பாலூட்டும் தாய்க்கு இரண்டு முறை அரை மணி நேரம் மாற்று ஆள் நிறுத்துவது மிகச் சின்னச் செலவு. விலக்கிவிட்டால் அவர் அன்றைய வேலைக்கே இல்லை. இடைவேளை கொடுத்தால் மீதி நேரம் முழுவதும் வேலையில் இருக்கிறார். காய்ச்சலோடு மூன்று நாள் மருத்துவ விடுப்பில் போவதும் மிச்சம்.

செய்ய வேண்டியவை எளியவை. பந்தோபஸ்து ஆணை தயாரிக்கும்போதே இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெண்களின் பட்டியல் எடுக்க வேண்டும். அவர்களை இருவர் இருவராக நிறுத்தினால் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். விடியற்காலை, இரவு இரண்டில் ஒன்றையாவது அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வெளிமாவட்டப் பணிக்கு அனுப்பக் கூடாது. பந்தோபஸ்து இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், குடிதண்ணீர், ஐஸ் பெட்டி போதும். அலங்காநல்லூரில் அரசுப் பள்ளி இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. 2024 ஜனவரியில் கீழக்கரையில் 66 ஏக்கரில் திறந்த கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்திலும் அறைகளுக்குக் குறைவில்லை. கேட்காமலே கிடைப்பதாக இது இருக்க வேண்டும் என்பதே முக்கியம்; கேட்டால் கிடைக்கும் என்றால் கூச்சம் அதைத் தின்றுவிடும்.

ராணுவத்துக்கு இது இன்னும் அவசரம். காவலர் ஒரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறார்; படைக்காரி ஐந்து, ஆறு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புகிறார். 180 நாளை ஓராண்டாக்குவது முதல் வேலை. எல்லைப்புறப் பணிக்கு ஓராண்டு விலக்கும், முகாமுக்கொரு பாலூட்டும் அறையும் அதோடு சேர வேண்டும். தமிழ்நாடு தன் காவலருக்குச் செய்துகாட்டிய மாதக் கணக்கைத் தில்லி பின்பற்றலாம். மணிக் கணக்கை இரண்டு அரசுகளும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பாதுகாப்பு அமைச்சகம் முடிவெடுக்க நாளாகலாம். அலங்காநல்லூர் பந்தோபஸ்துக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பந்தோபஸ்து ஆணையில் பாலூட்டும் காவலருக்கென ஒரு பத்தி சேர்க்க நிதி ஒதுக்கீடோ சட்டத் திருத்தமோ வேண்டாம்; மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கையெழுத்து போதும். அடுத்த தைக்குள் அதைச் செய்யலாம்.